மாமனாரின் மஞ்சள் கல்

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தது 1991-ல். வந்த மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, ஒரு நாள் சாயங்காலம் வாழைப்பூ நறுக்க உட்கார்ந்தேன். அரிவாள்மனை மொட்டையாகக் கிடந்தது. பின்கட்டு மாடத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கும். என்னவென்று திறந்தேன். உள்ளே துணியில் சுற்றி ஒரு கல். மேல்பாதி வெண்ணெய் மாதிரி மஞ்சள், கீழ்ப்பாதி கருநீலம். தடவினால் கண்ணாடி போல வழவழ. 'அட, சாணைக்கல் வீட்டிலேயே இருக்கிறதே!' என்று எடுத்து அரிவாள்மனையின் வாயில் வறட்டு வறட்டென்று நாலு இழுப்பு இழுத்தேன். அப்புறம் இன்னும் நாலு.

மாமனார் உள்ளே வந்தவர் பார்த்துவிட்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். "வேலை ஆயிடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டு, கல்லை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் முழுக்க, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கறுப்பு உப்புத்தாளை நனைத்து ஒட்டி, அந்தக் கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் உண்டாக்கிய பள்ளத்தைச் சரி பண்ணுகிறார் என்பதுகூட எனக்கு அப்போது புரியவில்லை. மாமியார்தான் காதோடு சொன்னார்: "அது அவங்க அப்பா பினாங்குலேர்ந்து கொண்டாந்த கல்லுடி. சவரக்கத்தி தீட்டுறதுக்குன்னே வச்சிருக்காங்க. வேற எதுவும் அதுமேல படக்கூடாது."

வெட்கமாகப் போயிற்று. அதன் பிறகு முப்பது வருஷம் அந்தப் பெட்டிப் பக்கமே நான் போகவில்லை.

மாமாவின் அப்பா பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். 1953-ல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது, அவர் பெட்டியில் ஒரு மடக்குச் சவரக்கத்தி, ஒரு தோல் வார், இந்த மஞ்சள் கல் மூன்றும் இருந்தனவாம். அவருக்குப் பிறகு மாமா அதே கத்தியில்தான் தினமும் சவரம் செய்துகொண்டார். ரயில்வேயில் கார்டு வேலை. விடிகாலை மூன்று மணிக்கு டியூட்டி என்றால்கூட, இரண்டரைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு தோல் வாரில் 'சரக் சரக்' என்று கத்தியை இழுக்கிற சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கெல்லாம் அது தாலாட்டு மாதிரி.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிலவியல் படித்த என் அக்கா மகன் ஒருமுறை வந்தபோது, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சித்தி, இது பெல்ஜியத்துக் கல்லு!" என்று குதித்தான். பெல்ஜியத்தில் ஆர்டென் என்கிற மலைக்காட்டுப் பகுதியில், வீல்சால்ம், லியர்நோ என்ற ஊர்களைச் சுற்றித்தான் இந்த மஞ்சள் கல் கிடைக்கிறதாம். பெயர் கோட்டிக்யூல். சுமார் 48 கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது. மஞ்சள் படுகை சில இடங்களில் இரண்டு விரல் கனம்கூட இருக்காது என்பதால், உடையாமலிருக்க அடியில் ஒரு கருங்கல் பலகையை ஒட்டி விற்பார்கள். எங்கள் கல்லின் கருநீலப் பாதி அப்படி ஒட்டியதுதான். ஒரு காலத்தில் பல தேசத்துச் சலூன்களுக்கும் போன கல் இது. பிளேடு வந்தபின் வியாபாரம் படுத்து, 1980-களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு மீண்டும் தோண்ட ஆரம்பித்தார்கள். சால்ம்ஷாத்தோ என்ற ஊரில் இந்தக் கல்லுக்கென்றே ஒரு மியூசியமும் இருக்கிறது.

அந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கார்னெட் என்கிற மணிகள்! நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகம் இருக்கிறதே, அதுவும் கார்னெட் இனம்தான். இந்தக் கல்லில் இருப்பது அதற்குப் பெரியம்மா மகள் மாதிரி. கண்ணுக்கே தெரியாத பொடி. நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், இந்த மணிகள் 5 முதல் 20 மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு மணியும் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி கூராக இல்லாமல், பன்னிரண்டு முகத்தோடு கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். அதனால் இரும்பை ஆழமாகக் கீறாது. மேலோடு மேலாகச் சுரண்டும். கடினமும் உண்டு, மென்மையும் உண்டு. சவரக்கத்திக்கு வேண்டியது அதுதான்.

உலகத்தில் இந்த ஒரு கல்தான் என்றில்லை. ஜெர்மனியில் துரிங்கியா கல், ஜப்பானில் கியோட்டோ பக்கத்து மலைக்கல், அமெரிக்காவில் ஆர்கன்சா கல் என்று அந்தந்த தேசத்துக்கு ஒன்று. ஆர்கன்சா கல்லுக்கு எண்ணெய் விடுவார்கள், மற்றவற்றுக்குத் தண்ணீர். முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த பிளினி, நாவிதர்கள் எச்சில் தொட்டுத் தீட்டுகிற கல் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறாராம். நல்லவேளை, அந்த வழக்கம் நம்மிடம் வந்து சேரவில்லை!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2021-ல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டிவிடாமல் இருக்க இரண்டு மாத்திரை. ஏற்கனவே கண்ணழுத்த நோயால் பார்வை மங்கல். கையும் லேசாக நடுங்கும். ஆனாலும் சவரக்கத்தியை விடவில்லை. "அறுபது வருஷப் பழக்கம். கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவேன்" என்பார்.

2022 ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறரை மணி. முற்றத்திலிருந்து, "அம்மாடி, ஒரு துண்டு கொண்டா" என்று கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை. போய்ப் பார்த்தால் தாடையோரம் ஒரு அங்குலத்துக்குக் கிழிந்து, பனியன் பாதி சிவப்பு! சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்தேன். சாதாரணமாகப் பத்து நிமிஷத்தில் நிற்க வேண்டிய ரத்தம், அரை மணி நேரமாகியும் கசிந்துகொண்டே இருந்தது. காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தையல் போட்ட டாக்டர், "ஐயா, இந்த மாத்திரை சாப்பிடுறவரைக்கும் திறந்த கத்தி உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மின்சார ஷேவர் வாங்கிக்கோங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே இவர் போய் ஷேவர் வாங்கி வந்தார். கத்தியை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சரியான காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தோம்.

மாமா அந்த ஷேவரைத் தொடவில்லை. கோபிக்கவில்லை, வாதாடவில்லை. வளரட்டும் என்று விட்டுவிட்டார். நாலு நாள், எட்டு நாள், பத்து நாள். வெள்ளை முள்ளாகத் தாடி. திண்ணைக்குப் போவதில்லை, பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில்லை, சாப்பாடும் பாதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த ஒருவர், "என்ன, வீட்டில ஏதும் கெட்ட சேதியா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நம் பக்கத்தில் தாடி என்றால் துக்கம்தானே! எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, மனுஷரைக் கோட்டை விடுகிறோமோ என்று பயம்.

அந்த நேரத்தில்தான் தெருவில் "சாணை பிடிக்கிறதே... கத்தி, கத்திரிக்கோல், அரிவாமனை..." என்று குரல் கேட்டது. கத்தியைக் கூராக்கிக் கண்ணில் காட்டினாலாவது அவருக்கு ஒரு சந்தோஷமாக இருக்குமே என்று எனக்கு ஒரு அசட்டு யோசனை. பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு போனேன். சாணைக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மிதியை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தார். கத்தியை விரித்துப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, இது சவரக்கத்தி. இந்தச் சக்கரத்துல வச்சா சூடேறி இரும்போட உரமே போயிடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிக்காது. இதைக் கல்லுல, தண்ணி விட்டு, கையாலதான் தீட்டணும். வீட்டுல தெரிஞ்ச பெரியவங்க இருந்தா கேளுங்க." மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வேறு யாராவதாக இருந்தால் இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு தீப்பொறி பறக்க இரண்டு இழுப்பு இழுத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக் கத்திரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் இன்றைக்கும் அவர் கைக்குத்தான்.

'தெரிந்த பெரியவர்' உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கத்தியையும் மரப்பெட்டியையும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். "மாமா, இதை எப்படித் தீட்டுறதுன்னு சொல்லுங்க."

எழுந்து உட்கார்ந்தார். கத்தியை விரல் நகத்தில் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "வாய் உருண்டு போச்சு. என் கை நடுக்கத்தில நானே கெடுத்துட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "நீ கத்துக்கிறியா? கத்துக்கிட்டு இதை நீ ஒழுங்காத் தீட்டிட்டா, நான் அந்த மிஷினைப் போட்டுக்கிறேன்" என்றார்.

"உங்க பிள்ளை கத்துக்கட்டுமே மாமா?"

"அவனுக்குக் கை கனம். உனக்குக் கோலம் போடுற கை."

முப்பது வருஷத்துக்கு முன் அரிவாள்மனையில் நான் போட்ட நாலு இழுப்பை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. அல்லது மறக்காமல்தான் சொன்னாரோ என்னவோ!

முதல் வேலை கல்லைச் சமமாக்குவது. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட வேண்டும். கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், மேடான இடத்துக் கோடு முதலில் அழியும், பள்ளத்தில் இருப்பது கடைசியில். எல்லாக் கோடும் ஒன்றாக அழிகிறவரை தேய்க்க வேண்டும். கல் சமமாக இல்லாவிட்டால் கத்தியும் சமமாக வராது.

அடுத்தது பால் எடுப்பது. பெட்டிக்குள் அதே மஞ்சள் கல்லில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. பெரிய கல்லில் ஏழெட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்தத் துண்டால் வட்டமாக உரசினால், சந்தனம் இழைத்த மாதிரி வெள்ளைக் குழம்பு வரும். எனக்கு இது சுலபமாக இருந்தது. நாம் இழைக்காத சந்தனமா? அந்தக் குழம்பில்தான் கார்னெட் மணிகள் கல்லை விட்டு வெளியே வந்து மிதக்கின்றன. வேலை செய்வது அவைதான். கத்தி ஓட ஓட, வெள்ளைக் குழம்பு சாம்பல் நிறமாகும். அது தேய்ந்துவரும் இரும்பு.

கத்தியை எப்படி வைப்பது? இங்கேதான் சவரக்கத்தி மற்ற கத்திகளிலிருந்து வேறுபடுகிறது. சமையல் கத்தியைச் சாய்த்துப் பிடித்துத் தீட்டுகிறோம்; சாய்வு நம் கையில். சவரக்கத்தியைச் சாய்க்கவே கூடாது. அதன் முதுகு தடியாக இருப்பது அதற்காகத்தான். முதுகும் வாயும் இரண்டும் ஒரே சமயத்தில் கல்லில் படும்படி படுக்கப் போட்டால், சாய்வு தானாகவே சரியாக அமைந்துவிடும். கத்தியைச் செய்தவன் அந்தக் கணக்கை முதுகிலேயே வைத்திருக்கிறான். முதுகு கல்லை விட்டு ஒரு இழை எழும்பினாலும் போச்சு, வாய் உருண்டுவிடும். மாமாவின் நடுங்குகிற கையில் நடந்தது அதுதான். மழுங்கிய கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் நாம் இன்னும் அழுத்துவோம். அழுத்தினால் தோல் மடிந்து கிழியும். கூர்க்கத்தியைவிட மொட்டைக் கத்திதான் அதிகம் வெட்டும் என்பது சமையலறையில் கை அறுத்துக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

தள்ளும்போது வாய் முன்னால் போக வேண்டும், கல்லின் மேலிருந்து மெல்லிய ஏடு எடுப்பது போல. எங்கள் கல்லின் அகலம் கத்தி நீளத்தைவிடக் குறைவு. அதனால் நேராகத் தள்ளாமல், கத்தியின் அடியில் ஆரம்பித்து நுனியில் முடிகிற மாதிரி கோணலாக இழுத்துத் தள்ள வேண்டும். முனை வந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்டி, மறுபக்கத்தைப் போட்டுத் திரும்பி வர வேண்டும். தப்பித் தவறியும் வாயின் மேல் புரட்டக்கூடாது.

சொல்வதற்கு எளிது. எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு முற்றத்தில் மணை போட்டு உட்காருவேன். மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். பார்க்க முடியாதே, எப்படிச் சொல்லிக் கொடுப்பார் என்று யோசித்தேன். காதாலேயே சொல்லிக் கொடுத்தார்! "அழுத்துறே... அழுத்துறேம்மா. அப்பளம் நொறுங்குற மாதிரி கேக்குது பாரு. பட்டுப் புடவையை மடிக்கிற சத்தம் வரணும்." அல்லது, "நுனி கல்லுல படல. சத்தம் பாதியில நின்னு போகுது." அடுப்படியில் கடுகு வெடிக்கிறதை அடுத்த அறையிலிருந்தே நமக்குத் தெரிகிறதல்லவா, அது போல.

என் பெரிய குற்றம் அழுத்தம். அம்மியில் பழகிய கை, பாரம் போட்டுத்தான் எதையும் செய்யும். "கத்தியோட பாரம் போதும். நீ சும்மா வழிகாட்டு" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். ஒரு நாள் பொறுமை போய், எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களின் நடுக்கம் என் கையில் தெரிந்தது. நாலைந்து தடவை சேர்ந்தே தள்ளினோம். "இப்ப புரியுதா?" என்றார். புரிந்தது. பால் பொங்கும்போது ஊதாமல், தீயைக் குறைக்கிற மாதிரி ஒரு பதம் அது.

ஒழுங்காக ஓட ஆரம்பித்தால் கல்லே சொல்லும். கல்லின் மேல் நிற்கிற தண்ணீர், கத்தி வருகிற வழியில் முன்னால் தள்ளப்படாமல், கத்தியின் முகத்தின் மேல் ஏறும். வாய் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராகக் கல்லோடு படிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கத்தியைத் துடைத்து, முழங்கையின் உட்பக்கம் தோலுக்கு மேலாக லேசாக ஓட்டினால் ரோமம் பொலபொலவென்று உதிரும்.

அதோடு முடியவில்லை. இனி குழம்பை மெதுவாக நீர்க்கச் செய்ய வேண்டும். இரண்டு சொட்டுத் தண்ணீர், முப்பது தள்ளல். இன்னும் இரண்டு சொட்டு, இன்னும் முப்பது. தயிர் மோராகி, மோர் நீர்மோராகி, கடைசியில் வெறும் தண்ணீர் ஆகிற வரைக்கும். மணிகள் குறையக் குறைய வேலை மெல்லியதாகிக்கொண்டே போகும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால், நடுவில் உள்ள பதங்கள் தவறிப்போய்க் கத்தி 'கரகர'ப்பாகவே நின்றுவிடும். பாகு மாதிரிதான், ஒரு கம்பிக்கும் இரட்டைக் கம்பிக்கும் நடுவில் நாம் அங்கேயே நிற்க வேண்டும். முடிந்ததும் கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். அதன்பின் தோல் வார்: இங்கே தலைகீழ், முதுகு முன்னால் போக வேண்டும்; வாய் முன்னால் போனால் வாரையே அறுத்துவிடும். துணிப்பக்கம் இருபது, தோல்பக்கம் ஐம்பது. முதல் தடவை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது முக்கால் மணி.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. தீட்டி, வாரில் இழுத்து, துடைத்து நீட்டினேன். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையிலிருந்து ஒரு வெள்ளை முடியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "இதை ஒரு நுனியில பிடிச்சுக்கிட்டு, கத்தி வாயில விடு." விட்டேன். முடி இரண்டாகி விழுந்தது. சத்தமில்லை, இழுப்பில்லை. "என்ன ஆச்சு?" என்றார். "அறுந்திடுச்சு மாமா" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மிஷினை எடுத்துட்டு வாம்மா" என்றார்.

அந்தக் கத்தி இப்போது இவருக்கு. முதல் நாள், "தீட்டினது யாரு, நீயா?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பயந்த பயம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவர் அதில் சவரம் செய்துகொள்கிறார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே, "கோணத்தைக் குறைடா" என்று அதட்டுகிறார். சவரத்துக்கு முன் தோல் வார். கல் எங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வேண்டியிருக்கிறது. முடிந்ததும் ஈரம் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வைக்கிறோம். கடற்கரைக் காற்றில் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் போதும், விளிம்பில் துரு.

இதைப் படிக்கிற இளம் தாய்மார்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். சவரக்கத்தியோ பிளேடோ, ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது. அப்பாவும் பிள்ளையுமானாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருந்தாலே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்ற இடமுண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கழுவிவிட்டோமே என்பதெல்லாம் போதாது. மாமாவின் கத்தி மகன் கைக்கு வருமுன், அவருக்கு அந்த நோய்கள் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துகொண்டோம்; கத்தியையும் கிருமிநாசினியில் சுத்தம் செய்தோம். இனி அது இவர் ஒருவருக்கு மட்டும்தான். குழந்தைக்கு முடியிறக்கும்போது, புதுப் பிளேடை உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், நல்ல தொழிலாளி யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சவரத்துக்குப் பின் தடவுகிற படிகாரக் கட்டியும் அப்படித்தான், ஆளுக்கு ஒன்று.

பழைய நாளில் முடி திருத்துகிற குடும்பத்துப் பெண்கள்தான் ஊருக்கு மருத்துவச்சி. என் மாமியாரின் முதல் மூன்று பிரசவமும் அப்படி ஒரு அம்மாளின் கையில்தான் நடந்தது. அவர் கைராசியைச் சொல்லி மாமியார் கண் கலங்குவார். ஆனால் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்த அந்தக் காலத்தில், எத்தனையோ வீட்டில் பச்சைக் குழந்தை ஒரு வாரத்தில் வில்லாக வளைந்து செத்துப்போயிற்று. அது டெட்டனஸ். கர்ப்பிணிக்கு ஊசியும், சுத்தமான பிரசவமும், புதுப் பிளேடும் சேர்ந்து அதை விரட்டின. 2015-ல் இந்தியாவில் அது ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், டாக்டரைக் கேட்டு மின்சார ஷேவருக்கு மாற்றிவிடுங்கள். வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்கக்கூடாது. மஞ்சள்பொடி, காப்பிப்பொடி எல்லாம் அடைக்க வேண்டாம். நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நம் சமையல் கத்திக்கு இந்த மாதிரிக் கல்லெல்லாம் தேவையில்லை. இரும்புக்கடையில் ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைசாகக் கார்போரண்டம் கல் கிடைக்கும். தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுங்கள். பழுத்த தக்காளியின் மேல் அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் அறுபட வேண்டும், அதுதான் அளவு. எங்கள் வீட்டில் அந்தக் கல் அடுப்படியிலும், மஞ்சள் கல் பீரோவிலும் இருக்கின்றன. தை மாதம் மருமகள் வருகிறாள்; முன்னெச்சரிக்கையாக அவளிடம் இரண்டையும் காட்டிவிட வேண்டும்.

மாமாவுக்கு இப்போது வயது 84. தினமும் காலையில் ஷேவரை எடுத்து, தாமே கன்னத்தைத் தடவித் தடவி மழித்துக்கொள்கிறார். "புல் வெட்டுற மாதிரி இருக்கு" என்று குறை சொல்லாத நாளில்லை. போன மாதம் மறுபடி கல்லை எடுத்து உட்கார்ந்தேன். நாற்காலியில் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, குழம்பு இன்னும் கெட்டியாக இருக்கும்போதே தோல் வாரை எடுக்கப் போனேன்.

"இன்னும் ரெண்டு சொட்டுத் தண்ணி விடும்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே.